கட்டத்துக்குள் ஒரு விட்டம்

"வீட்டைத் தாங்கும், வட்டத்தைப் பிளக்கும். நான்கு எழுத்து."

அன்பர்களே, இதற்கு விடை கண்ட பின்னர் மேலே படியுங்கள். அவசரமில்லை. எங்கள் பங்கில் இதற்கு ஒரு வாரம் பிடித்தது.

எங்கள் இளைஞர் மன்றத்தார் ஆலய முகப்பிலுள்ள அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை எழுதி ஒட்டுவது வழக்கம். திருநாள் நன்கொடைக் கணக்கும் திருமண அறிக்கையும் தனித்துத் தொங்கிய காலத்தில் அப்பலகையை ஏறிட்டுப் பார்த்தவர் சிலரே. இப்பொழுதோ ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே சிறு கூட்டம் நிற்கிறது. சென்ற மாதம் பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் என்னிடம் வந்து, வடிவக்கணிதத்தின் பெயர்களே தலையில் நிற்கவில்லை என்று முறையிட்டனர். "சரி, அவ்வாரப் புதிரை நானே அமைத்துத் தருகிறேன், அத்தனையும் வடிவக்கணிதச் சொற்களாகவே இருக்கும்" என்று வாக்களித்து விட்டேன். குருமடத்தில் படித்த நாட்களில் நூல்நிலையத்து ஆங்கில நாளிதழின் புதிருக்காக நாங்கள் நால்வர் போட்டியிட்டதுண்டு. தத்துவப் பாடத்தைக் காட்டிலும் அதிலே ஊக்கம் அதிகமாயிருந்தது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

குறுக்கெழுத்துக்கும் வடிவக்கணிதத்துக்கும் உறவு பிறவியிலேயே உண்டு. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நியூயார்க் வோர்ல்டு என்னும் நாளிதழின் ஞாயிறு மலரில், லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் அமைத்த முதற் புதிர் வெளிவந்தது. அதன் உருவம் இன்று நாம் காணும் சதுரமன்று, சாய்சதுரம். லண்டன் டைம்ஸ் போன்ற கம்பீரமான நாளிதழ் இவ்விளையாட்டுக்கு இடம் கொடுக்க 1930-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. ஆங்கிலப் புதிரின் கட்டங்களில் வேறோர் ஒழுங்கையும் பார்க்கலாம். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் முன்னிருந்த இடங்களிலேயே இருக்கும். நம் தமிழ்ப் புதிர்களில் பல இவ்வொழுங்கைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு ஈடாக நாம் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நில்லாமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் சொல்லை ஓட விடுகிறோம்.

ஆங்கிலேயர் எழுத்தைக் கலைத்து விளையாடுவதில் சமர்த்தர். முக்கோணத்துக்கு அவர்கள் வழங்கும் ட்ரயாங்கிள் என்ற சொல்லில் எட்டு எழுத்துக்கள். அவற்றையே இடம் மாற்றி அடுக்கினால் இன்டக்ரல் என்னும் மற்றொரு கணிதச் சொல் கிடைக்கும். தமிழில் இது எளிதன்று. நமக்கு ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்றால், அது உயிராயினும் மெய்யாயினும் உயிர்மெய்யாயினும் ஒன்றே. 'முக்கோணம்' என்பதை மு, க், கோ, ண, ம் என்று ஐந்து கட்டங்களில் வைக்கிறோம். கலைத்தால் பெரும்பாலும் உளறலே மிஞ்சும். ஆகவே தமிழ்ப் புதிரின் சுவை எழுத்துக் குழப்பத்தில் இல்லை. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதிலே இருக்கிறது. வடிவக்கணிதச் சொற்களோ இவ்வகையில் பெருஞ்செல்வம்.

ஆரம் என்றால் கழுத்தில் அணியும் மாலை. வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்குச் செல்லும் கோடும் அதுவே. பரிதி என்றால் சூரியன். வட்டத்தின் சுற்றும் அதுவே. கர்ணம் என்பவர் ஊர்க்கணக்கு எழுதியவர். செங்கோண முக்கோணத்தின் மிக நீண்ட பக்கமும் கர்ணமே. இக்கடைசிச் சொல்லுக்கு, "1980 வரை ஊர்க்கணக்கு எழுதியவர் செங்கோணத்துக்கு எதிரே அமர்ந்திருக்கிறார்" என்று குறிப்பு எழுதினேன். தமிழ்நாட்டில் அப்பதவி ஒழிக்கப்பட்டது அவ்வாண்டில்தான். பிள்ளைகள் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாட்டிமார் இருவர் உடனே சொல்லிவிட்டனர்; ஆனால் முக்கோணத்தில் அவருக்கு என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் 'கரணம்' என்று எழுதியிருந்தான். குட்டிக்கரணம் நினைவுக்கு வந்ததாம்! எழுத்தும் நான்குதான், இரண்டாம் கட்டத்தில் ஒரு புள்ளி குறைந்து விட்டது, அவ்வளவே.

ஐந்தெழுத்துச் சொற்களில்தான் அனைவரும் இடறினர். முக்கோணம், செங்கோணம், விரிகோணம், நாற்கரம், இணைகரம், செவ்வகம், சரிவகம், பட்டகம் ஆகிய எட்டும் ஐந்தெழுத்தே. எட்டும் 'ம்' என்றே முடிகின்றன. கடைசிக் கட்டத்தில் 'ம்' கிடைத்துவிட்டதே என்று மகிழ்பவர் ஏமாறுவர். தமிழ்ப் பெயர்ச்சொற்களில் அந்த எழுத்து கிடைப்பது கிடைக்காததற்குச் சமம். நான் கண்ட வழி, நடுக்கட்டத்தைப் பிடிப்பது. அங்கே 'கோ' விழுந்தால் மூன்று கோணங்களில் ஒன்று. 'க' விழுந்தால் இரு கரங்களில் ஒன்று. 'வ' விழுந்தால் செவ்வகம் அல்லது சரிவகம். 'ட' வந்தால் பட்டகத்தைத் தவிர வேறில்லை. இன்னொரு உபாயமும் உண்டு. மெய்யெழுத்து எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதலாக வராது. ஆதலால் எந்தக் கட்டத்திலிருந்து மற்றொரு சொல் கிளம்புகிறதோ, அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து இருக்க முடியாது. இவ்விரண்டையும் அறிந்தவன் பாதிப் புதிரைக் குறிப்புப் படிக்காமலே நிரப்பி விடுவான்.

குறிப்புக்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன், வீட்டில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கலாம். "நல்ல மனம், மூலைகள் நான்கும் நேர்மை" என்றால் செவ்வகம். செம்மையான அகம் அல்லவா? "கும்பிடும் கைதான், எதிரெதிர்ப் பக்கங்களோ என்றும் சேரா" என்றால் இணைகரம். "வட்டத்துக்கு மேல்விலங்கு பூட்டினால் குறுக்கே படுத்துவிடும்" என்பது முதலில் சொன்ன சொல்லுக்கே நான் எழுதிய மாற்றுக் குறிப்பு. 'வ' என்ற எழுத்தின் மேல் அந்த விலங்கைப் போட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பங்கில் ஒரு கொத்தனார் இருக்கிறார். இப்பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு அவர் கைபட்ட சுவர் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை நடந்தும் கால் ஊன்ற இயலவில்லை. முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கையில் அவர் இல்லத்துக்கும் செல்வேன். வாயில் சொல் குறைந்த மனிதர். "என்ன இருக்கிறது சாமி, மூலையில் கிடக்கிறேன்" என்பார். அதற்கு மேல் பேச்சிராது. மனைவி வயல்வேலைக்குச் செல்கிறார். ஒரே மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் மற்றப் பாடங்களில் தேறியவள் கணிதத்தில் தவறி விட்டாள். "இதோடு நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன் சாமி. நகரத்து ஜவுளிக்கடையில் ஆள் கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சொல்லிக் கொடுக்க எனக்கு ஒன்றும் தெரியாது. தனிப்பாடத்துக்குப் பணமில்லை" என்று சென்ற மாதம் சொன்னார். மகள் அடுப்பங்கரை வாயிலில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். நான் ஏதோ ஆறுதல் கூறினேன். பயனற்ற ஆறுதல் என்று கூறும்போதே எனக்குத் தெரிந்தது.

வடிவக்கணிதப் புதிர் ஒட்டப்பட்ட ஞாயிறன்று அவள் அதை நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிச் சென்றாள். அதற்கடுத்த வெள்ளியன்று நான் சென்றபோது, வாசலில் செருப்பைக் கழற்றுகையிலேயே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வீட்டில் நான் அதுவரை கேட்டறியாத ஓசை.

நடந்ததை அவளே கூறினாள். முதல் குறிப்பை உரக்கப் படித்திருக்கிறாள்: "வீட்டைத் தாங்கும்; வட்டத்தைப் பிளக்கும்." எட்டு மாதமாக மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக் கொண்டிருப்பவருக்கு இது ஒரு கேள்வியா? "விட்டம்" என்று சட்டென்று சொல்லிவிட்டார். அவள் திகைத்துப் போனாள். பாடநூலில் நூறு முறை எழுதிய சொல்லும் தலைக்குமேல் கிடக்கும் அந்தப் பனங்கட்டையும் ஒன்றே என்று அவள் எண்ணியதே இல்லை. "இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே போகிறது பார் அம்மா. வட்டக்கிணறு எடுக்கும்போதும் அப்படித்தான், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவாகக் கயிறு பிடிப்போம்" என்றாராம் தந்தை.

பின்பு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். "மாலையாகத் தொங்கும், சக்கரத்தைத் தாங்கும்" என்ற குறிப்புக்கு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைச் சொன்னார். ஐரோப்பியரும் அங்கிருந்துதான் எடுத்தார்கள். ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்ற பொருளும் உண்டு என்று நான் இடையே சொல்லி வைத்தேன். என் லத்தீன் அன்றாவது உதவியது.

'தொடுகோடு' வந்தபோதுதான் எனக்கே பாடமாயிற்று. தொடும் புள்ளியில் ஆரமும் தொடுகோடும் செங்குத்தாக இருக்கும் என்பது பாடநூலின் தேற்றம். அவள் அதை மனப்பாடம் செய்திருந்தாள். ஏன் என்று கேட்டால் விழிப்பாள். கொத்தனார் தலையணையிலிருந்து தலையைச் சற்றே உயர்த்தினார். "சமதரையில் வண்டி நிற்கிறது. அச்சிலிருந்து தூக்குக்குண்டை விட்டால் எங்கே விழும்?" என்று வினவினார். "சக்கரம் தரையைத் தொடும் இடத்தில்." "தரையின் மற்ற இடமெல்லாம் சக்கரத்துக்கு வெளியே கிடக்கிறது. அச்சிலிருந்து அங்கெல்லாம் கயிறு பிடித்தால் நீளமாகும். மிகக் குட்டையான கயிறு எது? குண்டு விழும் கயிறு. அது தரைக்கு நேராகத்தானே நிற்கும்?" யூக்ளிட் வேறு விதமாக நிறுவியிருக்கலாம். ஆனால் இதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. மையத்திலிருந்து கோட்டுக்கு மிகக் குறைந்த தொலைவு செங்குத்தே; தொடும் புள்ளியைத் தவிர மற்றவை யாவும் வட்டத்துக்கு வெளியே; ஆகவே அது ஆரத்தினும் நீளம். முடிந்தது.

'நாண்' என்ற சொல்லில் அவளுக்கு ஐயம். "வில்லில் இழுப்பர், மணநாளில் கட்டுவர், வட்டத்தில் வரைவர், இரண்டெழுத்து" என்பது குறிப்பு. வட்டத்தின் வளைந்த துண்டுக்கு வில் என்றும், அதன் இரு முனைகளைச் சேர்க்கும் கோட்டுக்கு நாண் என்றும் பெயரிட்டவர் கண்ணெதிரே நாணேற்றிய வில்லைக் கண்டே பெயரிட்டிருக்க வேண்டும் என்றேன். வடமொழியிலும் அப்படியே, நாணுக்கு அங்கே ஜ்யா, ஜீவா என்பர். 499-ஆம் ஆண்டில் நூல் செய்த ஆரியபடர் அரை நாண்களுக்கு அட்டவணையே தந்தார். அராபியர் அச்சொல்லை ஜீபா என்று கொண்டனர். அவர்கள் எழுத்தில் குறில் உயிர்களும் சில வேளைகளில் நெடில்களும் எழுதப்படாது போவதால், பிற்காலத்தார் அதை ஜைப் என்று படித்துவிட்டனர். அதற்குச் சட்டையின் மடிப்பு, மார்பு என்று பொருள். லத்தீனில் பெயர்த்தவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் அப்பொருளையே கொண்டு சைனஸ் என்று எழுதி வைத்தனர். இன்று பள்ளிகளில் சைன், காஸ் என்று பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் அந்தச் சைன், வழிதவறிய நம் வில்லின் நாணே! இதைக் கேட்டதும் அவள், "அப்படியானால் அவர்களும் கட்டத்தில் தப்பாகத்தான் நிரப்பினார்களா சாமி?" என்றாள். ஆம் மகளே, உயிரெழுத்தை ஊகித்து நிரப்பினார்கள் என்றேன்.

பெயர் வைப்பது எளிய காரியமன்று என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலும் ஒரு சாட்சி உண்டு. இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி சீனாவில் வாழ்ந்தபோது, தம் உரோமை ஆசிரியர் கிளாவியுஸ் 1574-இல் வெளியிட்ட யூக்ளிட் பதிப்பைக் கொண்டு, சூ குவாங்சி என்னும் சீன அறிஞரோடு அமர்ந்து முதல் ஆறு பாகங்களைச் சீனத்தில் ஆக்கினார். 1607-இல் நூல் வெளிவந்தது. புள்ளிக்கும் கோட்டுக்கும் கோணத்துக்கும் அவ்விருவர் தேர்ந்து வைத்த சொற்களை இன்றும் சீனப் பிள்ளைகள் பள்ளியில் எழுதுகின்றனர். அப்படி ஒருவன் அமர்ந்து யோசித்தே நமக்கும் இணைகரமும் சரிவகமும் கிடைத்திருக்கும். கணக்கதிகாரம் போன்ற நம் பழைய நூலிலோ சொல்லும் முறையும் வேறு. அங்கே சுற்றளவையே வட்டம் என்பர். அதில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பாகிய குழி கிடைக்கும் என்று விதி. கொத்தனாரிடம் இதைச் சொன்னேன். மனதுக்குள் ஒரு கிணற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான் என்று தலையசைத்தார்.

அன்று நான் விடைபெறும்போது ஜவுளிக்கடையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் மட்டும் வாசல்வரை வந்து, "அடுத்த புதிரை நாங்கள் எழுதித் தரலாமா சாமி?" என்று கேட்டாள். 'நாங்கள்' என்றாள்.

பத்து நாளில் தந்தாள். கட்டங்கள் அவள் வரைந்தவை. குறிப்புக்கள் பெரும்பாலும் அவர் சொன்னவை. கரணை, சாந்து, ரசமட்டம் என்று கொத்துவேலைச் சொற்களும் கணிதச் சொற்களும் கலந்திருந்தன. 3 அடி, 4 அடி, 5 அடிக் கயிற்றால் மூலை பிடிக்கும் வித்தைக்கும் ஒரு குறிப்பு இருந்தது. ஒன்பதும் பதினாறும் சேர்ந்தால் இருபத்தைந்து என்று ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு சிறு கணக்கும் இருந்தது. இடமிருந்து வலம் ஏழாவது குறிப்பு இது: "மூலையில்தான் கிடக்கும், மட்டமானதல்ல. ஆறெழுத்து."

அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

புதிர் ஒட்டப்பட்டது. ஏழாவது குறிப்புக்கு வந்த விடைகளில் பெரும்பாலானவை 'மூலைவிட்டம்'. ஆறெழுத்துத்தான், கணிதச் சொல்தான், மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்வதுதான். ஆனால் மூன்றாம் கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது: "கடற்கரையில் கிடக்கும், சிமெண்டோடு சேரும். மூன்றெழுத்து." மூலைவிட்டம் எழுதியவர்கள் அங்கே 'விணல்' என்று ஒரு பொருளை உண்டாக்க வேண்டியதாயிற்று. 'விணல்' என்பது ஒருவகை மண் என்று வாதாடிய துணிச்சல்காரனும் எங்கள் பங்கில் உண்டு. சரியான விடை 'மூலைமட்டம்' என்று கண்டவர் மூவரே. அவர்களில் இருவர் தச்சர் வீட்டுப் பிள்ளைகள்.

மூலைமட்டம் என்றால் என்னவென்றே தெரியாது என்று மற்றவர்கள் குறைப்பட்டுக் கொண்டனர். அச்செய்தி கட்டிலுக்கு எட்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு விடைத்தாளை ஒட்ட வந்த மகள், சாக்கில் சுற்றிய ஒன்றையும் கொண்டு வந்தாள். எட்டு மாதம் கட்டிலடியில் கிடந்த இரும்பு மூலைமட்டம். துரு நீக்கி எண்ணெய் தடவியிருந்தது. விடைத்தாளுக்கு அருகே ஓர் ஆணியில் அதை மாட்டினாள். சிறுவர்கள் சும்மா இருப்பார்களா? பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஆலயத்து மூலை, அறைவீட்டு மூலை, திண்ணை மூலை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, செங்கோணம், செங்கோணம் என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாகப் பங்கு மண்டபத்தின் வடகிழக்கு மூலையில் கூவல் நின்றுவிட்டது. இரும்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி.

"சாமி, இது விரிகோணம்! யார் கட்டியது?" என்று கேட்டார்கள்.

மண்டபம் எழும்பியபோது நூல் பிடிக்கும் நாளில் கொத்தனார் வேறு வேலைக்குச் சென்றிருந்தார். காத்திருக்கப் பொறுமையின்றி, அந்த மூலையை நின்று அளந்து கொடுத்தவன் நானே.